அம்மா கண்ணுக்கு மட்டும் தெரியும் குட்டி மனிதர்கள்

பினாங்கு மாநிலம், பிறை வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 77. பல ஆண்டுகளாகக் கண் அழுத்த நோய். வலக்கண் பார்வை முழுவதும் போய்விட்டது. இடக்கண்ணில் நடுவே கொஞ்சம் மிச்சம். கணவர் காலமான பிறகு மகளின் வரிசை வீட்டில் இருக்கிறார். தைப்பூசத்தை ஒட்டிய ஒரு நாளில், கூடத்தில் நடந்து வந்தவர் வெறுந்தரையில் எதையோ தாண்டுவதுபோல் காலைத் தூக்கி வைத்தார். கேட்டதற்கு மழுப்பிவிட்டார். பிறகு பேத்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். தரையெங்கும் செங்கல் அடுக்கியதுபோலத் தெரிகிறது. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சாண் உயர ஆட்கள், தலைப்பாகையும் சிவப்புச் சட்டையுமாக, வரிசையாக வருகிறார்கள். பேசுவதில்லை, அவரைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. சில மாலைகளில் சோபாவில் முன்பின் தெரியாத பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எப்போதாவது பெரிய பல்லும் உருட்டிய விழியுமாக ஒரு முகம் மட்டும் வந்து போகிறது. ஓராண்டாகவே இது நடக்கிறதாம். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு காய்ச்சல். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே சளி. அருகிலிருந்த கிளினிக்கில் சளிக்குக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட அன்றிரவு முதல் மூன்று இரவுகள், அடுக்களையில் திருடர்கள் நிற்கிறார்கள் என்று கூச்சல். பெற்ற மகளையே யார் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஹாலோபெரிடால் என்ற மனநோய் மாத்திரை வாங்கி வந்து பாதி பாதியாக இரண்டு நாள் கொடுத்தார். அம்மா கட்டையாக விறைத்துப்போனார். மைலோ குவளையைக்கூடக் கையில் பிடிக்க முடியவில்லை. மாத்திரைகளை நிறுத்தி, தொற்றுக்கு மருந்து கொடுத்த பிறகு ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டார். குட்டி மனிதர்கள் மட்டும் போகவில்லை.

சி.டி. ஸ்கேனில் வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம் தவிர ஒன்றுமில்லை. "அப்படியானால் மூளையில் கோளாறு இல்லை, மனத்தில்தான் கோளாறு" என்று மகள் முடிவுக்கு வந்திருக்கிறார். அண்ணனோ தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய் விடவேண்டும், அதற்கு முன் அம்மா பெயரிலுள்ள வீட்டு கிராண்டில் (உரிமைப் பத்திரத்தில்) கைரேகை வாங்கிவிட வேண்டும் என்கிறார். இறந்துபோன அப்பாதான் ஆள் அனுப்புகிறார், மந்திரிக்க வேண்டும் என்பது சித்தியின் கட்சி. கண் சொட்டு மருந்துதான் காரணம், அதை நிறுத்து என்றும் அவரே சொல்கிறார்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். எந்த நேரத்தில் பார்த்தார், விளக்கு எரிந்ததா, கண்ணை மூடினால் என்ன ஆயிற்று என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறீர்கள். பரிந்துரைக் கடிதங்களில்கூட இவ்வளவு விவரம் எனக்குக் கிடைப்பதில்லை. அதனால் கொஞ்சம் துணிந்தே சொல்கிறேன்: உங்கள் அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை. பார்வை குறைந்தவர்களுக்கு வரும் மாயக்காட்சி இது. சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்பது அதன் பெயர். நேரில் பார்க்காமல் எதையும் உறுதிசெய்ய முடியாதுதான். ஆனாலும் பார்வை இழப்பு, ஓசையே இல்லாத காட்சிகள், இவை நிஜமில்லை என்று அவருக்கே இருக்கும் தெளிவு எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. கடிதத்தில் இரண்டு வரிகள் மட்டும் என்னை உறுத்துகின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

சார்ல்ஸ் போனே ஜெனீவாவில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர். கண்புரையால் பார்வை மங்கிய தம் தாத்தாவைப் பற்றி 1760-இல் அவர் எழுதினார். 89 வயதான அந்தத் தாத்தா, ஆண்களும் பெண்களும் பறவைகளும் குதிரை வண்டிகளும் கட்டடங்களும் தம் முன்னே தோன்றி மறைவதைக் கண்டார். புத்தியில் எந்தக் குறையும் இல்லாதவர். கண்டது பொய் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1936-இல் ஜார்ஜ் டி மோர்சியே என்ற நரம்பியல் மருத்துவர் இந்த நிலைக்குப் போனேயின் பெயரை வைத்தார். சித்தியிடம் இதைச் சொல்லுங்கள். பிறையில் காலமானவர் ஜெனீவாவுக்கும் ஆள் அனுப்பியிருப்பார் என்று அவர்கூடச் சொல்லமாட்டார்.

இது அபூர்வமான ஒன்றும் அல்ல. பார்வையைக் கணிசமாக இழந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது வருகிறது. வெளியே சொல்பவர்கள்தான் குறைவு. உங்கள் அம்மா ஓராண்டு மறைத்ததுபோலவே பலரும் மறைக்கிறார்கள். கண் மருத்துவரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

பார்ப்பது கண் மட்டுமா?

கண்ணில் விழும் ஒளி, விழித்திரையில் மின்குறிப்பாக மாறி, பார்வை நரம்பு வழியே மூளையின் நடுவிலுள்ள தாலமஸுக்குப் போகிறது. அங்கிருந்து பிடரிப் பக்கத்து மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்கு. காட்சி உருவாவது அங்கேதான். அதிலும் எல்லா வேலையையும் ஒரே இடம் செய்வதில்லை. கோடுகளையும் விளிம்புகளையும் கவனிக்கும் நரம்பணுக்கள் ஓரிடத்தில். நிறத்துக்கு வேறோரிடம். முகங்களுக்கென்றே, காதுக்குப் பின்னே மூளையின் அடிப்பக்கமாக ஒரு பகுதி. இடங்களையும் நிலக்காட்சிகளையும் அடையாளம் காண இன்னொன்று.

இந்த அணுக்கள் கண்ணிலிருந்து செய்தி வரும்வரை கைகட்டிக்கொண்டு இருப்பவை அல்ல. தாமாகவும் சிலிர்த்துக்கொண்டே இருப்பவை. தாலமஸிலுள்ள அந்த இடைநிலையத்துக்குக் கண்ணிலிருந்து வரும் இணைப்புகளைவிட மூளைப் புறணியிலிருந்து இறங்கி வரும் இணைப்புகளே அதிகம். அதாவது, என்ன தெரியப்போகிறது என்ற ஊகத்தை மூளை ஓயாமல் கீழே அனுப்புகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி அதைத் திருத்துகிறது. நல்ல கண் உள்ளவர்களுக்கு இந்தத் திருத்தம் நொடிதோறும் நடப்பதால் ஊகம் என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

கண் அழுத்த நோயில் பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. வரவேண்டிய செய்தி குறைகிறது. பட்டினி கிடக்கும் அணுக்கள் சோர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. உள்வரவு குறையக் குறைய அவற்றின் உணர்திறன் கூடி, சிறு தூண்டலுக்கும், சில வேளை தூண்டல் இல்லாமலும், கொத்துக்கொத்தாகச் செயல்படுகின்றன. காது மந்தமானவர்களுக்கு இரைச்சல் கேட்பதும், நீரிழிவால் காலை எடுத்தவர்களுக்கு இல்லாத கட்டைவிரல் அரிப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. காலை இழந்தவர் அரிப்பு என்று சொன்னால் யாரும் அவரை மந்திரிக்க அழைத்துப்போவதில்லை. கண்ணுக்கு வந்தால்தான் ஊர் கூடிவிடுகிறது.

இதற்குக் கண்நோய்கூடத் தேவையில்லை. 2004-இல் பாஸ்டனில் நல்ல பார்வையுள்ள 13 பேரின் கண்களை ஐந்து நாள் கட்டி வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் 10 பேருக்கு ஏதேனும் ஒரு மாயக்காட்சி தோன்றியது. சிலருக்கு வெறும் ஒளிப்பொறி. சிலருக்கு முகங்கள், நிலக்காட்சிகள். கட்டை அவிழ்த்ததும் போய்விட்டது.

நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கும் சந்தேகத்துக்கு வருகிறேன். பேத்தியின் முகமே அம்மாவுக்குப் புகைபோலத்தான் தெரிகிறது. அந்தக் குட்டி மனிதனின் சட்டையில் பொத்தான் எத்தனை என்று மட்டும் எண்ணிச் சொல்கிறார். நம் கவனத்தை ஈர்க்க நடிக்கிறாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். சகோதரி, அவர் நடிக்கவில்லை என்று நான் நம்புவதற்கு அந்தப் பொத்தான்தான் காரணம். பேத்தியின் முகம் பழுதான கண் வழியாக வருகிறது, அதனால் மங்கல். குட்டி மனிதன் கண் வழியாக வருவதே இல்லை. கெடாமல் இருக்கும் மூளைப் பகுதியிலேயே பிறக்கிறான். ஆகவே பளிச்சென்று, நல்ல நிறத்தில், நுணுக்கமாகத் தெரிகிறான். இந்த நிலை உள்ளவர்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவரும் விவரம் இது. எதையும் படித்திராத உங்கள் அம்மா அதைத் தற்செயலாகக் கற்பனை செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அவர் காணும் மற்றவையும் அப்படித்தான். செங்கல் அடுக்கு, கம்பி வலை, கிளைவிடும் கோடுகள் எல்லாம் கோடுகளையும் விளிம்புகளையும் கையாளும் பகுதிகளின் கைவேலை. பல்லும் விழியும் பெரிதான முகங்களும் அடிக்கடி சொல்லப்படுபவை. பிறர் முகத்தில் கண்ணையும் வாயையும் கவனிப்பதற்கென்றே இருக்கும் மூளைப் பகுதி மிகையாகச் செயல்படுவதால் அப்படித் தோன்றுகிறது என்று கருதுகிறார்கள். தொப்பி, தலைப்பாகை, பழங்காலச் சீருடை அணிந்த சிறு உருவங்களும் இந்த நிலையின் வழக்கமான விருந்தாளிகள். உங்கள் அப்பாவோ, தாத்தாவோ, தெரிந்த யாருமோ அவர்களில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் கவனியுங்கள். இந்தக் காட்சிகளில் பெரும்பாலும் அறியாத முகங்களே வரும். அதனால்தான் இதற்கு உள்ளர்த்தம் தேடுவதில் பயனில்லை என்கிறேன்.

சி.டி.யில் தெரியாதது

"ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆகவே மனம்தான்" என்ற உங்கள் முடிவைத் திருத்த வேண்டும். சி.டி. ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். இரத்தக்கசிவு, கட்டி, பழைய பக்கவாதம் இவை இல்லை என்று அறிய அது தேவை. எந்த அணுக்கூட்டம் எந்த நேரத்தில் சுறுசுறுப்பாகிறது என்பதை அது காட்டாது. நாற்காலியைப் படம் எடுத்துவிட்டு, அதில் உட்கார்ந்தவர் என்ன பாட்டுப் பாடினார் என்று கேட்பது போன்றது அது.

செயல்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஆய்வை 1998-இல் லண்டனில் டொமினிக் ஃபிச் குழுவினர் வெளியிட்டார்கள். சார்ல்ஸ் போனே நிலை உள்ளவர்களைக் கருவிக்குள் படுக்கவைத்து, காட்சி வரும்போதும் போகும்போதும் சைகை காட்டச் சொன்னார்கள். நிறக்காட்சி கண்டவரிடம் நிறத்துக்கான பகுதியும், முகம் கண்டவரிடம் முகத்துக்கான பகுதியும் அந்தந்த நேரத்தில் துடித்தன. காட்சி தொடங்கிவிட்டதாக அவர்கள் தெரிவிப்பதற்குச் சில வினாடிகள் முன்பே அந்த ஏற்றம் ஆரம்பித்திருந்தது. அம்மா கண்டதாகச் சொல்வது உண்மையாகவே மூளையில் நடக்கும் நிகழ்ச்சி. பொருள் வெளியே இல்லை, அவ்வளவுதான். "பொய் என்று தெரிகிறதே, பிறகு ஏன் நிறுத்த முடியவில்லை?" என்று அவரைக் கேட்டிருக்கிறீர்கள். பொய் என்று தெளிவது மூளையின் முன்பகுதி. காட்சியை உண்டாக்குவது பிடரிப் பக்கம். அறிவால் அதை அணைக்க முடியாது.

இந்த எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சிக்கு உரியது. அதைத் தேடிக் கோலாலம்பூர் வரை அலைய வேண்டாம், பணமும் செலவழிக்க வேண்டாம்.

அந்த மூன்று இரவுகள் வேறு கதை

ஓராண்டாக வரும் குட்டி மனிதர்களையும், மூன்று இரவு நின்ற திருடர்களையும் ஒரே நோயாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். இரண்டும் வேறு. திருடர்கள் வந்தபோது அவருக்குக் காய்ச்சல் இருந்தது, இடம் பொருள் புரியவில்லை, மகளைத் தெரியவில்லை, கண்டதை நிஜமென்று நம்பினார். அது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஒன்றே அதற்குப் போதும். சளி மாத்திரையும் தன் பங்கைச் செய்திருக்கும். நீங்கள் அனுப்பிய உறையில் இருந்தது குளோர்பெனிரமின். தூக்கத்தை வரவழைக்கும் பழைய வகை மருந்து. கவனத்தையும் நினைவையும் தாங்கிப் பிடிக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது. முதியவர்களுக்கு அதைக் கொடுக்காமலிருப்பதே நல்லது. இனி எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இதைச் சொல்லுங்கள். மீண்டும் திடீரென்று ஒருநாள் குழப்பம் வந்தால் மனநோய் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கண் சொட்டு மருந்துகளில் சில, அரிதாக, மாயக்காட்சியைத் தூண்டியதாகப் பதிவுகள் உண்டு. ஆகவே சித்தி சொன்னது முழுக்க அபத்தம் இல்லை. எந்தச் சொட்டு மருந்து எப்போது தொடங்கியது, காட்சி எப்போது தொடங்கியது என்று கண் மருத்துவரிடம் ஒப்பிட்டுக் கேளுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மிச்சமிருக்கும் ஒரு கண்ணின் நரம்பிழைகளைக் காப்பது அந்தச் சொட்டுதான். பார்வை மேலும் குறைந்தால் காட்சிகள் கூடவும் வாய்ப்பு உண்டு.

என்னை உறுத்தும் இரண்டு வரிகள்

இரண்டாம் பக்கத்தில் வேடிக்கைபோல் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: தூக்கத்தில் அம்மா உதைப்பார், அடிப்பார், கத்துவார், அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், கடைசிக் காலத்தில் அப்பா தனிக்கட்டிலுக்கே போய்விட்டார். நான்காம் பக்கத்தில், அரை அரை மாத்திரையாக இரண்டு நாள் ஹாலோபெரிடால் சாப்பிட்டதற்கே கட்டையாக விறைத்துப்போனார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் சாதாரணக் காரணங்கள் உண்டு. கனவை உடலால் நடித்துக்காட்டும் பழக்கத்துக்கு மூச்சுத்திணறித் தூங்குவதுகூடக் காரணமாகலாம். ஹாலோபெரிடால் எந்த முதியவரையும் விறைக்கச் செய்யும். ஆனால், மாயக்காட்சி உள்ள ஒருவரிடம் இரண்டும் சேர்ந்து வரும்போது லூவி பாடி மறதி நோயை நினைக்காத நரம்பியல் மருத்துவர் இருக்க மாட்டார்.

உடல் விறைத்து நடுங்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களின் மூளை அணுக்களில் காணப்படும் ஒருவகைப் புரதத் திரட்சியை 1912-இல் ஃபிரிட்ஸ் லூவி விவரித்தார். அது மூளைப் புறணியில் பரவும்போது, மறதிக்கு முன்பே மாயக்காட்சி தலைகாட்டக்கூடும். மனிதர்கள், குழந்தைகள், விலங்குகள் தெளிவாகத் தெரிவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் அம்மா சொல்வது போலவே இருக்கும். ஆனால் அங்கே பழுது கண்ணில் இல்லை. பார்வைப் பகுதியின் செயல்பாடு மந்தமாகிறது. அசிட்டைல்கோலின் வெகுவாகக் குறைகிறது. கவனம் ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மூடுபனியாகவும் ஏறி இறங்குகிறது. தூக்கத்தில் உதைப்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுவதும் உண்டு. இந்த நோயாளிகளுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து விறைப்போடு நிற்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக, ரிவாஸ்டிக்மின், டோனெபெசில் போன்ற மருந்துகள் காட்சிகளையும் குழப்பத்தையும் குறைக்க உதவும்.

என் கணிப்பு இன்றும் சார்ல்ஸ் போனே பக்கம்தான் சாய்கிறது. ஓராண்டு கழித்தும் கண்டது பொய் என்ற தெளிவு மாறவில்லை. கணக்கு வழக்கு, மாத்திரை நேரம், உறவினர் பெயர் எதிலும் பிசகில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் நரம்பியல் நிபுணரோ முதியோர் மருத்துவ நிபுணரோ ஒருமுறை நேரில் பார்த்தாக வேண்டும். நடையில் தயக்கம், கை வீச்சுக் குறைவு, எழுத்து சிறுத்துப்போவது, அடிக்கடி விழுவது, நாளுக்கு நாள் மாறும் தெளிவு இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பார்க்கின்சன் மருந்து எதுவும் சாப்பிடுவதாக நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் அதையும் சொல்லவேண்டும், அவையும் காட்சிகளைக் கொண்டுவரும்.

வேறு சில காரணங்களை உங்கள் விவரமே தள்ளிவிடுகிறது. வலிப்பினால் வரும் காட்சி பெரும்பாலும் சில வினாடிகளில் முடியும். வண்ண வட்டங்களாக, ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், அச்சு மாறாமல் வரும். ஒற்றைத் தலைவலிக்கு முன்னே நெளிநெளியான ஒளிக்கோடு வரும். மனச்சிதைவு நோயில் காட்சியைவிடக் குரல்களே அதிகம். அதுவும் 77 வயதில் புதிதாகத் தொடங்குவது அரிது. ஆனால் பாதிப் பார்வை சட்டென்று மறைந்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் வலுவிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதல் மருந்து பேச்சு. "அம்மா, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, நிறையப் பேருக்கு வருகிறது, உங்கள் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது" என்று அண்ணன் முன்னிலையிலேயே சொல்லுங்கள். பலருக்கு இதைக் கேட்டதுமே பயத்தில் பாதி இறங்கிவிடுகிறது. அவர் காணும்போது "எங்கே, ஒன்றும் இல்லையே" என்று வாதாட வேண்டாம். "எனக்கும் தெரிகிறது" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று சாதாரணமாகக் கேட்டால் போதும்.

காட்சி வரும்போது செய்ய எளிய வழிகள் உண்டு. தலையை அசைக்காமல், விழிகளை மட்டும் இடமும் வலமுமாக, வினாடிக்கு ஒருமுறை என 15 முறை நகர்த்தலாம். கண்ணைச் சில வினாடி மூடித் திறக்கலாம். எழுந்து வேறு அறைக்குப் போகலாம். கை நீட்டித் தொட்டுப் பார்க்கலாம். எது பலிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் குறிப்பைப் பார்த்தால், மாலை விளக்கேற்றும் முன், தொலைக்காட்சி அணைந்திருக்கும்போது, அம்மா சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் காட்சிகள் அதிகம். வெளிச்சம் மங்கலாகவும் மனத்துக்கு வேலை இல்லாமலும் இருக்கும் நேரம் அது. ஐந்தரை மணிக்கே கூடத்து விளக்கைப் போடுங்கள். வானொலியோ பேச்சுத் துணையோ இருக்கட்டும். மின்கட்டணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாடிப்படியில் மட்டும் எச்சரிக்கை. இல்லாத செங்கல்லைத் தாண்டக் காலைத் தூக்குபவர் படியில் தடுமாறக்கூடும். கைப்பிடியும், படி விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் பட்டையும் போடுங்கள்.

இடக்கண்ணில் கண்புரையும் இருக்கிறதா, கண்ணாடி அளவு சரிதானா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். பார்வை சிறிதளவு கூடினாலும் காட்சிகள் குறையலாம். பினாங்குத் தீவில், பாகான் ஜெர்மால் சாலையிலுள்ள செயின்ட் நிக்கோலஸ் இல்லம் பார்வை இழந்தவர்களுக்காக நெடுங்காலமாகச் சேவை செய்யும் அமைப்பு. பார்வைக் குறைவுக்கான உதவிகளை அங்கே விசாரிக்கலாம். சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். முழுக் குருடு என்றால்தான் அட்டை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை, பார்வைக் குறைவுக்கும் தனிப்பிரிவு உண்டு. மருத்துவரின் சான்று வேண்டும்.

இதற்கென்று உறுதியாகப் பலன் தரும் மாத்திரை இல்லை. ஒன்றிரண்டு ஆண்டில் நின்றுவிடும் என்று முன்பு சொல்லி வந்தோம். பலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கிறது என்பதே இப்போது தெரிந்திருப்பது. நீடித்தாலும் பழகப் பழகத் தொந்தரவு குறையும்.

தண்ணீர்மலைக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள், படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மந்திரிப்பவர் வீட்டில் இரவெல்லாம் தூங்கவிடாமல், பட்டினி போட்டு உட்காரவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். தூக்கமின்மையும் நீர் வற்றுவதும் அந்த மூன்று இரவுகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

அண்ணனிடம் சொல்ல வேண்டியது

தஞ்சோங் ரம்புத்தானிலுள்ள பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை 1911 முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் இடம். அதை மிரட்டலாகப் பயன்படுத்தும் வழக்கத்தை நாம் விட்டால் நல்லது. வீட்டார் நினைத்தவுடன் கொண்டுபோய் விட்டுவிட்டு வரக்கூடிய இடமும் அல்ல. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்க 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் நிபந்தனைகள் உண்டு, மருத்துவப் பரிசோதனை உண்டு. உங்கள் அம்மாவின் நிலை அதன் அருகில்கூட வராது.

கிராண்ட் விஷயத்தில் அண்ணனின் வாதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்றால் அவர் வைக்கும் கைரேகை செல்லுமா என்ற கேள்வி வரும். புத்தி சரியாக இருக்கிறது என்றால் வீட்டை என்ன செய்வது என்பது அவர் முடிவு. மாயக்காட்சி காண்பதாலேயே ஒருவர் தம் சொத்தைப் பற்றி முடிவெடுக்கும் தகுதியை இழப்பதில்லை. எதில் ஒப்பமிடுகிறார், அதனால் என்ன ஆகும் என்பது அவருக்குப் புரிகிறதா என்பதே கேள்வி. மருத்துவர் அதைச் சோதித்து எழுதித்தர முடியும். அம்மா தாமாக எதையாவது மாற்றி எழுத விரும்பினால், பிள்ளைகள் இருவரையும் சாராத ஒரு வழக்கறிஞரிடம் தனியாகப் பேசட்டும். ஆவணத்தைத் தமிழில் முழுக்கப் படித்துக் காட்டட்டும். பார்வை இல்லாதவர் என்பதால் இது இன்னும் முக்கியம். மற்றதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்; என் எல்லை அவ்வளவே.

அடுத்த கண் பரிசோதனை வரை காத்திருக்காமல், அருகிலுள்ள அரசு கிளினிக்கில் நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். உங்கள் குறிப்பேடு, சி.டி. அறிக்கை, சொட்டு மருந்து முதல் நாட்டு மருந்து வரை எல்லாவற்றின் உறைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். தூக்கத்தில் உதைப்பதைக் கைபேசியில் ஓரிரவு பதிவுசெய்ய முடிந்தால் செய்யுங்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டு. ஹாலோபெரிடால் கொடுத்த தேதியையும் அளவையும், அதன் பிறகு நடந்ததையும் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். அவசரப் பிரிவில் நள்ளிரவில் பார்க்கும் இளம் மருத்துவருக்கு அது முதலில் கண்ணில் பட வேண்டும்.